சட்டை மாற்றும் ஞாயிறு

டோக்கன் அக்காவுக்கு இரண்டு வாய். ஒன்று, கண் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில் எண்களைக் கூப்பிடும் வாய். கூடத்துச் சுவரில் எண் காட்டும் பலகை ஒன்று உண்டு. சிவப்பில் பெரிதாக எரியவும் செய்யும். ஆனால் மருந்து விட்டுக்கொண்டு அரைமணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்குப் பலகையால் என்ன பிரயோஜனம்? அதை வாங்கி மாட்டிய புண்ணியவானுக்கு இது தோன்றவில்லை. ஆகவே பதிமூன்று வருஷமாக அவள்தான் கூப்பிடுகிறாள். "பதினேழு... பதினேழு வாங்க. மெதுவா. இடது பக்கம் தூண் இருக்கு."

இன்னொரு வாய் கைபேசிக்குள் இருந்தது. இணையத்தில் 'விதண்டாவாதம்' என்று ஒரு குழு. அங்கே அவள் பெயர் 'கடைசி ஆள்'. ஆணா பெண்ணா, என்ன வேலை, எந்த வயசு என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்பதும் இல்லை. காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் நாற்பது நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும் இயந்திரம் சுற்றுகிற நேரம், இவ்வளவுதான் அவளுக்குக் கிடைக்கும் சபை. அதற்குள் உலகத்தை ஒரு கை பார்த்துவிடுவாள்.

அங்கே எல்லாம் பேசுவார்கள். தானாக ஓடும் கார் யார் மேலாவது மோதினால் திட்டு வாங்க வேண்டியது யார் என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. 'பக்கத்து சீட்டில் இருப்பவர். இப்போதும் அப்படித்தானே நடக்கிறது' என்று எழுதி முடித்துவைத்தவள் அவள்தான். தேர்தல் வாக்குறுதியைக் காப்பாற்றாதவர்களுக்கு அபராதம் போடலாமா என்று ஒருவர் கேட்க, 'போடலாம், கட்டிவிடுகிறோம் என்று வாக்குறுதி கொடுப்பார்கள்' என்று எழுதியது 'கால்குலேட்டர்'.

இந்தக் கால்குலேட்டர்தான் அவளுடைய நிரந்தர எதிரி. எதற்கும் ஒரு விலை உண்டு, விலை வைத்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்பது அவர் கட்சி. முதலில் வந்தவருக்கு முதலில், யாராக இருந்தாலும் சரி என்பது அவள் கட்சி. நாலு வருஷமாக இரண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். ஒருநாள் அவர் வராவிட்டால் அவளுக்குப் பஸ் பயணமே சப்பென்று இருக்கும்.

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, சட்டை மாற்றும் ஞாயிறு. அன்றைக்கு ஒவ்வொருவரும் எதிராளியின் கட்சியை எடுத்துக்கொண்டு, அவரைவிட நன்றாக வாதாட வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சட்டைப் படம் தெரியும். 'இது என் கருத்தல்ல' என்று நடுவில் யாராவது குழைந்தால், ஒரு மாதம் அவருக்குப் பேச்சுக் கிடையாது. நல்ல வழக்கம்தான். எதிராளியின் சட்டையைப் போட்டுப் பார்த்தால்தான் அவனுக்கு எங்கே இறுக்குகிறது என்று தெரியும். ஆனால் சட்டைப் படம் குழுவுக்குள் மட்டும்தான் தெரியும். யாராவது எழுத்தை மட்டும் வெட்டி வெளியே கொண்டுபோனால் படம் கூடவே போகாது. இதை யாரும் யோசித்ததில்லை.

அந்த மாதத் தலைப்பு: காசு கொடுப்பவரை வரிசையில் முன்னால் விடலாமா?

அவளுக்கென்றே வைத்த மாதிரி இருந்தது. இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

'வரிசை என்பது யார் முதலில் எழுந்தார்கள் என்று நடத்தும் போட்டி. அப்படியானால் பரிசு கோழிக்குத்தான் போக வேண்டும்' என்று ஆரம்பித்தாள். அடுத்தது தானாக வந்தது. 'காசு வாங்கினால் அநியாயம், நம்ம ஆளு என்று உள்ளே விட்டால் அன்பா? சிபாரிசு என்பது ரசீது இல்லாத முந்து சீட்டு. நான் கேட்பது ரசீதை மட்டும்தான்.' பிறகு, அவளே எழுந்து நின்று கைதட்டலாமா என்று நினைத்த வரி: 'எல்லோரும் அவசரம் என்றுதான் சொல்வார்கள். சொல்வதற்குக் காசா பணமா? காசு கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அவசரம் குணமாகிவிடும்.'

அந்த வரிக்குப் பிறகு அவள் கை சற்று நின்றது. என்னவோ நினைவுக்கு வந்தது. அதற்குள் துணி முடிந்ததென்று இயந்திரம் கூவ, எழுந்துபோய்க் காயப்போட்டுவிட்டு வந்து அப்படியே அனுப்பிவிட்டாள்.

வரிசையின் சட்டையைப் போட்டுக்கொண்ட கால்குலேட்டரும் சும்மா இருக்கவில்லை. 'டிரைவர் முன்னாலும் முதலாளி பின்னாலும் இருக்கிற இடம் உலகத்தில் இரண்டுதான். ஒன்று கார், இன்னொன்று வரிசை' என்று எழுதியிருந்தார். நல்ல வரிதான். ஆனால் அந்த ஞாயிறு அவளுடையது. குழு ஆரம்பித்த நாளிலிருந்து எந்தப் பதிவுக்கும் அத்தனை லைக் விழுந்ததில்லை. கால்குலேட்டரும் ஒன்று போட்டிருந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது குளத்தில் கத்துகிறது. இவள் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் எப்படிப்பட்டவள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவளுடைய கவுன்டரில் சிபாரிசு செல்லாது. சொந்தக்காரர், பந்தக்காரர் எல்லாம் வாசலோடு சரி. அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா, சொந்தமாகத் தையல் கடை வைத்திருப்பவள். கண்ணில் அழுத்தம் இருப்பதால் பரிசோதனைக்கு அடிக்கடி வருவாள். ஒவ்வொரு தடவையும் கவுன்டரில் ஒரு சின்ன யுத்தம்.

"அண்ணி, உங்களுக்கு முப்பத்தெட்டு."

"உன் புருஷனை இடுப்புல தூக்கி வளத்தவடி நான்."

"அவரே வந்தாலும் முப்பத்தொன்பதுதான் அண்ணி."

முன்னால் போக ஒரே ஒரு வழி உண்டு. டாக்டர் அறை வாசலில், சாதாரணத் தட்டுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு சிவப்புத் தட்டு. பதிவு செய்யும்போது அவள் 'என்ன தொந்தரவு?' என்று கேட்பாள். வருகிற பதிலில் சில வார்த்தைகள் இருந்தால், திடீர் வலி, கண்ணில் ரசாயனம், திரை விழுந்த மாதிரி என்று ஏதாவது காதில் பட்டால், அந்தக் கோப்பு சிவப்புத் தட்டுக்குப் போகும். நர்ஸ் அதிலிருந்துதான் முதலில் எடுப்பாள். ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ. கூடத்தில் யாரும் ஆட்சேபித்ததில்லை; கவனித்ததுகூட இல்லை.

மூன்று வாரம் கழித்து, திங்கள் காலை ஊழியர் கூட்டம். நிர்வாகி கெட்டவர் இல்லை. அவருக்கு வாய்த்த தலைவலி வேறு. 'நம்ம ஆள் ஒருத்தர் வர்றார், கொஞ்சம் பாத்து அனுப்புங்க' என்று தினமும் பத்துத் தொலைபேசி. யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது, எல்லோரையும் முன்னால் விடவும் முடியாது. மனுஷர் நொந்து போயிருந்தார்.

அன்று அவர் முகத்தில் வெளிச்சம் இருந்தது. "நேத்து ஒரு நண்பர் எனக்கு ஒண்ணு அனுப்பினாரு. யாரோ பேர் தெரியாத புத்திசாலி எழுதினது. கேளுங்க" என்று கைபேசியைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார்.

கோழி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். டோக்கன் அக்காவுக்கும் உதட்டோரம் துடித்தது. சொல்ல வெட்கம்தான், ஆனாலும் நடந்தது அதுதான்; தன் வரியைத் தன் கண்ணெதிரே நாலு பேர் ரசிப்பதை அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள். ரசீது வரும்போது நிர்வாகி வாசிப்பதை நிறுத்தி, "இது, இதுதான் எனக்கு வேணும்" என்றார். அவள் தன் கைபேசியைப் பைக்குள் ஆழத் தள்ளினாள்.

"அடுத்த திங்கள்லேருந்து ஒரு வாரம் பரீட்சை பண்ணிப் பாப்போம். இரட்டைக் கட்டணம் கட்டினா முந்து சீட்டு. பதினஞ்சு நிமிஷத்துல டாக்டர். எந்த நேரத்துக்குள்ளன்னு சீட்டுலயே அச்சடிச்சு வரும். சிபாரிசு போன் வந்தா, 'தாராளமா வரச் சொல்லுங்க, ரசீது வாங்கிக்கட்டும்'னு சொல்லிடலாம்."

"அந்தக் கோப்பை எங்க வைக்கிறது சார்?" என்றாள் நர்ஸ்.

"அதான் முன்னாடி எடுக்கறதுக்குன்னே ஒரு தட்டு இருக்கே, சிவப்பா. அதுலயே போட்டுடுங்க."

அந்த இடத்தில் டோக்கன் அக்கா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. எதிர்த்துப் பேச வேண்டுமானால் தன்னோடு தானே சண்டை போட வேண்டும். எழுதியது யார் என்று தெரிந்துவிட்டால் அது வேறு வம்பு. ஊழியர்கள் இணையத்தில் எதுவும் எழுதக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை, அவளுடைய கையெழுத்தோடு, அலுவலக அலமாரியில் இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் யாரிடம் போய் முறையிடுவாள்? ஒரு வாரம்தானே, தானாகப் படுத்துவிடும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

படுக்கவில்லை. திங்களும் செவ்வாயும் முந்து சீட்டு ஜோராக நடந்தது. சிபாரிசு போன் நின்றே போனது. நிர்வாகி கூடத்தின் வழியே விசிலடித்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை முப்பத்தொன்றாம் எண் வந்தார். உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும்; விரலெல்லாம் பிளாஸ்திரி.

"என்ன தொந்தரவு?"

"பெருசா ஒண்ணுமில்லக்கா. வலது கண்ணுல, ஓரத்துல ஒரு நிழல். முந்தாநேத்துலேருந்து. தூசியாத்தான் இருக்கும். மேஸ்திரி விடமாட்டேன்னுட்டாரு, காட்டிட்டு வான்னு."

நிழல். அவள் சிவப்பு மையில் எழுதி, கோப்பைச் சிவப்புத் தட்டுக்கு அனுப்பினாள். செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று அடுத்த ஆளைப் பார்த்தாள். தட்டில் அப்போது ஏற்கெனவே ஐந்து முந்து சீட்டுக் கோப்புகள் கிடந்தன. அவற்றின் மேல் நேரம் அச்சடித்திருந்தது. நேரம் தாண்டினால் நிர்வாகிக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நர்ஸ். பாவம், அவள் அச்சடித்த நேரத்தைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். முப்பத்தொன்றின் மேல் எந்த நேரமும் இல்லை. சிவப்பு மையில் ஒரு வார்த்தை மட்டும்தான்.

பத்தரை மணிக்கு நாத்தனார் வந்தாள். வந்தவள் பணத்தை எண்ணிக் கவுன்டரில் வைத்தாள்.

"இன்னைக்கு உன் தயவு எனக்கு வேணாம்டி. ரசீது போடு."

டோக்கன் அக்கா ரசீது போட்டாள். நாத்தனார் அதை விசிறிபோல ஆட்டிக்கொண்டு போய், மருந்து விட்டுக்கொண்டு, கண்ணாடிக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். கவுன்டரில் ஒரே கூச்சல். காசு கட்டியும் இருபது நிமிஷமாகிவிட்டதென்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அவரைச் சமாளிப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்தது.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் ஒரு கோப்போடு வந்தாள். "அக்கா, முப்பத்தொண்ணைக் கூப்பிடுங்க. அவரு உக்காந்திருந்த நாற்காலி காலியா இருக்கு."

"முப்பத்தொண்ணு... முப்பத்தொண்ணு வாங்க." பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கண்ணை மூடியிருந்த ஒரு பெரியவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அவரு அப்பவே எந்திரிச்சுப் போயிட்டாரும்மா. பின்னாடி வந்தவங்கல்லாம் உள்ள போறாங்களேன்னு கேட்டாரு. அவங்க காசு கட்டினவங்கன்னு யாரோ சொன்னாங்க. சரிதான்னு போயிட்டாரு."

மருந்து விட்ட கண்ணோடு. நிழல் விழுந்த கண்ணோடு. அவள் கோப்பில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மூன்று தடவை செய்தாள்.

நாத்தனார் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுவரைத் தடவியபடி கவுன்டருக்கு வந்தாள். "என்னடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

சொன்னாள்.

"அந்தக் கண்ணாடிக்காரரா? பக்கத்துலதானே உக்காந்திருந்தாரு. பஸ் ஸ்டாண்டு எதிர்ல புதுசா எழும்புதே, அந்தக் கட்டடத்துல ஒன்பதாவது மாடி. ஒரு மணிக்கு, வெளிப்பக்கமா கயிறுல தொங்குமே, அந்தத் தொட்டில்ல ஏறணும்னாரு."

பதிமூன்று வருஷத்தில் முதல் தடவையாக டோக்கன் அக்கா பாதி வேலையில் கவுன்டரை விட்டு எழுந்தாள். நர்ஸிடம் கூப்பிடும் வேலையைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். "ஏய், ஆளைத் தெரிஞ்சவ நான்தானே, என்னை விட்டுட்டு எங்க போற?" என்று நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். இரண்டு பேரும் ஒரு வண்டியைப் பிடித்து ஏறினார்கள்.

வண்டி சிக்னலில் நின்றபோது அவளால் அடக்க முடியவில்லை. "அண்ணி, அந்த முந்து சீட்டு... அதுக்குக் காரணம் நான்தான். விளையாட்டுக்கு ஒண்ணு எழுதினேன். அதைப் படிச்சுட்டுத்தான் கொண்டுவந்தாங்க. யாருக்கு நிஜமா அவசரம்னு காசு காட்டிக் குடுத்துடும்னு எழுதினேன்."

நாத்தனார் கையிலிருந்த ரசீதை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள். பிறகு சொன்னாள்: "எனக்கு இன்னைக்கு ஒரு அவசரமும் இல்லடி. உன்னை வெறுப்பேத்தணும்னுதான் கட்டினேன்."

கட்டடத்தின் கீழே கண்ணாடிக்காரர் இடுப்பில் பாதுகாப்புப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். அவளை அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது.

"காசு இருக்கறவங்களப் பாத்து முடிங்கக்கா. மிச்சம் மீதி இருந்தா நாங்க இன்னொரு நாள் வர்றோம்."

"உங்க கோப்பு முதல் தட்டுலதாங்க இருந்துச்சு. நீங்க முன்னாடி போக வேண்டிய ஆளு."

"அப்புறம் ஏன் கூப்பிடல?"

நாலு வருஷமாக எந்தக் கேள்விக்கும் இரண்டு வரியில் மடக்கிப் பதில் போட்டவள், "தப்பு எங்களுது. இன்னும் சரியாச் சொன்னா, என்னுது" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பட்டையின் கொக்கியைப் பூட்டப் போனார். நாத்தனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண் கூச, குரல் வந்த திசையைப் பார்த்து நின்றாள். "அய்யா, உனக்கு முன்னாடி போனவ நான்தான். எனக்கு ஒரு கேடும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. உன் இடத்தை நான் எடுத்துக்கிட்டேன். வந்து திருப்பி வாங்கிக்க. இல்லன்னா நான் இந்தத் தொட்டில்ல ஏறி உக்காந்துக்குவேன், நீ எப்படி மேல போறன்னு பாக்கறேன்."

ஏறினாலும் ஏறுவாள் என்று பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்குப் பட்டிருக்க வேண்டும். பட்டையை அவரே அவிழ்த்துவிட்டார்.

பெரிய டாக்டர் பத்து நிமிஷம் உள்ளே வைத்துப் பார்த்தார். விழித்திரை பிரிந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை என்று முடிவாயிற்று. வெளியே வந்த டாக்டர், சிவப்பு மையில் எழுதியிருந்த வார்த்தையைக் காட்டி, "நிழல்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்கார வெச்சீங்க? மேல ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவளுக்கு அழுகை வந்திருக்காது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் குழுவைத் திறக்கவில்லை. நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கால்குலேட்டருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். 'சட்டை மாத்தின அன்னைக்கு நான் எழுதினதுல ஏதாவது ஓட்டை பாத்தீங்களா?'

இரண்டு நிறுத்தம் தாண்டிப் பதில் வந்தது. 'பாத்தேன். தனக்கு ஆபத்துன்னே தெரியாத ஆளு அவசரத்துக்கு எப்படி விலை குடுப்பான்?'

'அன்னைக்கே ஏன் கேக்கல?'

'அது என் கட்சியோட ஓட்டை ஆச்சே. நாலு வருஷமா நீங்க கண்டுபிடிக்கல. நானா எதுக்குக் காட்டிக் குடுக்கணும்? லைக் போட்டுட்டுப் போயிட்டேன்.'

அவளுக்கு ஆத்திரம் வந்தது. திட்டலாமென்று எழுத ஆரம்பித்து, அழித்தாள். கண்டுபிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் அவளைச் சுட்டது.

சனிக்கிழமை மதியம் பரீட்சை வாரத்துக்கான கூட்டம். மூலையில் பெரிய டாக்டரும் உட்கார்ந்திருந்தார். நிர்வாகி கணக்கு வாசித்தார். சிபாரிசு போன் பூஜ்யம். புகார் மூன்று, அதுவும் காசு கட்டியவர்களிடமிருந்து. "புதன்கிழமை ஒரு சின்னக் குழப்பம் நடந்துடுச்சு. அது இனிமே நடக்காம பாத்துக்கலாம். மத்தபடி அந்தப் புத்திசாலி சொன்னது நூத்துக்கு நூறு சரி" என்று கைபேசியை எடுத்தார்.

"சார், அதை எழுதினது நான்."

முதலில் யாரோ சிரித்தார்கள். அவள் மேஜையருகே போய்த் தன் கைபேசியைத் திறந்து அவர்முன் வைத்தாள். அதே வரிகள், மேலே 'கடைசி ஆள்', பக்கத்தில் குட்டிச் சட்டை. சட்டை என்றால் என்ன, அன்றைக்கு என்ன வழக்கம் என்று விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரிந்தது.

நிர்வாகி கோபப்படவில்லை. குழம்பிப் போயிருந்தார். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். "இது உங்க கருத்தே இல்லைங்கறீங்க. மனசுல இல்லாததை இவ்வளவு நல்லா எழுத முடியுமா?"

அவள் தன் கைபேசியைத் திருப்பி எடுத்துக்கொண்டாள்.

"முடியும் சார். ஒரே ஒரு விஷயத்தை விட்டுட்டா போதும்" என்றாள். "அந்த அவசரம் குணமாயிடும்ங்கற வரி இருக்கே, அதை எழுதினப்ப எனக்குச் சிவப்புத் தட்டு ஞாபகம் வந்துச்சு. பதிமூணு வருஷமா அதுல போற ஆளுங்க எல்லாருமே 'பெருசா ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிக்கிட்டே வந்தவங்கதான். அவங்க ஒருத்தரும் காசு கட்டியிருக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும். ஆனா அதையும் சேத்து எழுதினா வரி நொண்டும், யாரும் சிரிக்க மாட்டாங்க. அதனால விட்டுட்டேன். போன வாரக் கூட்டத்துல நீங்க தட்டைச் சொன்னப்பவும் தெரியும். அப்பவும் வாயைத் திறக்கல."

பெரிய டாக்டர் எழுந்தார். "அந்தத் தட்டு யாருக்கும் விற்பனைக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, நோயாளி காத்திருப்பதாகப் போய்விட்டார். முந்து சீட்டு அதோடு நின்றது. டோக்கன் அக்காவுக்குச் சுற்றறிக்கையை மீறியதற்காக எழுத்தில் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு நிர்வாகி பரிதாபமாகக் கேட்டார்: "இப்ப மறுபடி சிபாரிசு போன் வருமே, அதுக்கு என்ன பண்றது?"

"என்கிட்ட குடுத்துடுங்க சார். முப்பத்தொன்பதுன்னு சொல்லிடறேன்."

அடுத்த சட்டை மாற்றும் ஞாயிற்றுக்கு முன்னால் குழுவில் அவள் ஒரு விதி கேட்டாள்: எழுதி முடித்ததும், அடியில், வேண்டுமென்றே விட்டது எது என்று ஒரு வரி போட வேண்டும். சுவாரசியமே போய்விடும் என்று பாதிப் பேர் சண்டைக்கு வந்தார்கள். முதலில் ஒப்புக்கொண்டவர் கால்குலேட்டர். அந்த ஞாயிறு அவர் எழுதிய கட்டுரை சுமார்தான். அடியில் இருந்த ஒரு வரிதான் நன்றாக இருந்தது.

கவுன்டரிலும் ஒரு கேள்வி கூடியது. என்ன தொந்தரவு என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகு, பேனாவை மூடாமல், "சொல்லாம விட்டது எதுவும் இருக்கா?" என்கிறாள். முக்கால்வாசிப் பேர் இல்லை என்பார்கள். ஒரு சிலர் கொஞ்சம் யோசிப்பார்கள்.

அடுத்த மாதம் கண்ணாடிக்காரர் பரிசோதனைக்கு வந்தார். இருபத்திரண்டு. பார்வையின் ஓரத்தில் கொஞ்சம் மங்கல் மிச்சம் இருக்கிறது, நடுப்பார்வை தெளிவு. தொட்டிலில் ஏறுவதை விட்டுக் கீழே கண்ணாடி வெட்டுகிற வேலைக்கு மாறிவிட்டாராம். அவருக்குப் பின்னாலேயே நாத்தனார் நின்றாள், உதட்டைச் சுழித்தபடி.

"என்ன தொந்தரவு அண்ணி?"

"எப்பவும் உள்ளதுதான். அழுத்தம் பாக்கணும். உன் நேர்மையால இன்னைக்கும் எனக்கு மத்தியானச் சாப்பாடு போச்சு, அதையும் எழுதிக்க."

"சொல்லாம விட்டது எதுவும் இருக்கா?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். ஏதோ குத்தலாகச் சொல்லப் போகிறாள் என்றுதான் டோக்கன் அக்கா நினைத்தாள். நாத்தனாரோ கவுன்டரின் விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலு மாசமா ஊசில நூல் கோக்க வரல" என்றாள் மெதுவாக. "கடையில வேலை செய்யற பொண்ணைத்தான் கூப்பிடறேன். டாக்டர் கேட்டப்பல்லாம் நல்லாத் தெரியுதுன்னே சொல்லிட்டேன். அன்னைக்கும்."

டோக்கன் அக்கா தலையைத் தூக்காமல் எழுதினாள். ஒவ்வொரு வார்த்தையாக, முழுசாக எழுதினாள். சிவப்புத் தட்டுக்குப் போகிற வார்த்தைகள் எதுவும் அதில் இல்லை. சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

"இருபத்திமூணு, அண்ணி."

"தெரியும்" என்று வாங்கிக்கொண்டு, நாத்தனார் இருபத்திரண்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.